பிறவி ருபெல்லா நோய்த்தொகை

பிறவி ருபெல்லா நோய்த்தொகை என்பது, கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ஏற்படும் ருபெல்லா தொற்று நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடைவதால் குழந்தைக்கு உண்டாகும் பிறவிக் குறைபாடுகளின் தொகுதி ஆகும். கேள்வி இழப்பு, கண்புரை, இதயக் குறைபாடு ஆகிய மூன்றும் இதன் முதன்மையான அடையாளங்கள். இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது கேள்வி இழப்பே. பல குழந்தைகளில் வேறு எந்தக் குறைபாடும் இன்றிக் கேள்வி இழப்பு மட்டுமே காணப்படுவதும் உண்டு. தடுப்பூசியால் முற்றிலும் தவிர்க்கத்தக்க பிறவிக் குறைபாடுகளுள் இது ஒன்று.

பெயரும் நோய்க்காரணியும்

ருபெல்லா என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் "சிறு சிவப்பு" என்பது பொருள். 18ஆம் நூற்றாண்டில் செருமானிய மருத்துவர்கள் இந்நோயை விவரித்தமையால் இது செருமன் தட்டம்மை என்றும் அழைக்கப்பட்டது. 1814இல் ஜார்ஜ் டி மேட்டன் இதனைத் தட்டம்மையிலிருந்து வேறான தனி நோயாகக் கருத வேண்டும் என்றார். 1866இல் இதற்கு ருபெல்லா என்று பெயரிட்டவர் என்றி வீல் என்னும் ஆங்கிலேயப் பீரங்கிப்படை மருத்துவர். அவர் விவரித்தது இந்தியாவில் தோன்றிய ஒரு நோய்ப்பரவலை என்பது குறிப்பிடத்தக்கது. நோய்க்குப் பெயர் கிடைத்த மண்ணில் அதற்கான தடுப்பூசி அரசின் நாடு தழுவிய திட்டத்தில் சேர, அதன்பின் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பெயர் ஒற்றுமையால் தட்டம்மையும் ருபெல்லாவும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த வைரசுகளால் உண்டாவன. ருபெல்லா வைரசு முன்னர் டோகாவிரிடே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் மேட்டனின் நினைவாக மேட்டோனாவிரிடே என்னும் தனிக்குடும்பம் வகுக்கப்பட்டு அதில் சேர்க்கப்பட்டது. மனிதரைத் தவிர வேறு உயிரினத்தில் இவ்வைரசு இயற்கையாகத் தங்குவதில்லை. ஆகையால் மனிதரிடையே பரவல் நின்றால் நோயும் ஒழிந்துபோகும்.

தாயிடம் தோன்றும் அறிகுறிகள்

இருமல், தும்மல் வழியே பரவும் இத்தொற்று உடலில் புகுந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் வெளிப்படும். இலேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடலெங்கும் பரவும் மெல்லிய சிவந்த தடிப்பு, காதின் பின்புறமும் கழுத்தின் பின்புறமும் நிணநீர்க் கணுக்களின் வீக்கம் ஆகியவை பொதுவான அறிகுறிகள். தடிப்பு மூன்று நாட்களில் மறைந்துவிடும். வயது வந்த பெண்களுக்கு மூட்டு வலி சில நாட்கள் நீடிக்கலாம். தொற்றுற்றவர்களில் கால் பங்கு முதல் பாதிப் பேர் வரை எந்த அறிகுறியும் இல்லாமலே கடந்து விடுகின்றனர்.

நோயின் கொடுமை அதன் இந்த மென்மையிலேயே அடங்கியுள்ளது. கோடையில் தோன்றும் தடிப்பு வேர்க்குரு என்றோ, உடல் சூடு என்றோ, உண்ட உணவின் ஒவ்வாமை என்றோ எளிதில் விடப்படும். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குழந்தை பேசவில்லை என மருத்துவரிடம் செல்லும் தாயிடம், கருவுற்ற மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் வந்ததா எனக் கேட்டால், நினைவில்லை என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவருக்கு நினைவுகொள்ளத்தக்க நோய் எதுவும் வராமலும் இருந்திருக்கலாம்.

கருவில் நிகழ்வது

தாயின் குருதியில் கலந்த வைரசு நஞ்சுக்கொடியைத் தொற்றி, அங்கிருந்து கருவின் குருதியோட்டத்தில் புகுகிறது. அது நுண்ணிய குருதிக்குழல்களின் உட்படலத்தைச் சிதைக்கிறது. உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடை செய்கிறது. கண், காது, இதயம், மூளை ஆகியவை உருவாகும் வாரங்களில் இது நிகழ்வதால் அவ்வுறுப்புகள் குறையுடன் அமைகின்றன.

எந்த வாரத்தில் தொற்று ஏற்பட்டது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் எலிசபெத் மில்லர் முதலியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. முதல் 12 வாரங்களில் தடிப்புடன் தொற்றுற்ற தாய்மாரின் கருக்களில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை தொற்றுக்கு உள்ளாயின. 11ஆம் வாரத்திற்கு முன் தொற்றுற்ற குழந்தைகள் அனைவரிடமும் குறைபாடுகள் இருந்தன. அவை பெரும்பாலும் இதயக் குறைபாடும் கேள்வி இழப்பும் ஆகும். 13 முதல் 16 வாரங்களுக்குள் தொற்றுற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கேள்வி இழப்பு மட்டும் இருந்தது. 16ஆம் வாரத்திற்குப் பின் தொற்றுற்றவர்களிடம் ருபெல்லாவால் விளைந்த குறைபாடு காணப்படவில்லை.

கண்ணும் இதயமும் தப்பிய பின்னரும் காது தாக்கப்படக்கூடிய ஒரு மாதக் காலம் உள்ளது என்பதே இதன் பொருள். அவ்வாறு பிறக்கும் குழந்தை பார்வைக்கு முழு நலமுடன் இருக்கும். எடை குறைந்திராது, கண்ணில் வெண்மை தோன்றாது, இதயத்தில் முணுமுணுப்பு கேட்காது. கேள்விச் சோதனையைத் தவிர, பிறந்த குழந்தையை வழக்கமாகச் சோதிக்கும் எந்தச் சோதனையிலும் அதன் குறை வெளிப்படாது.

கேள்வி இழப்பின் தன்மை

ருபெல்லாவால் உண்டாவது உட்காதின் நரம்புவழிக் கேள்வி இழப்பு. நத்தை எலும்பினுள் உள்ள குழலும், அதனுள்ளிருக்கும் நீர்மத்தின் மின்னூட்டத்தைப் பேணும் குருதிக்குழல் படலமும், ஒலியை உணரும் மயிரணுக்களும் சிதைகின்றன. செவிப்பறையும் நடுக்காது எலும்புகளும் பெரும்பாலும் நன்னிலையில் இருக்கும். எனவே காதைக் கருவியால் பார்க்கும் மருத்துவருக்கு எக்குறையும் தென்படாது. மருந்தாலோ காது அறுவை மருத்துவத்தாலோ இதனைச் சீராக்க இயலாது.

பெரும்பாலும் இரு காதுகளும் பாதிக்கப்படுகின்றன. ஆயினும் இரண்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ஒரு காது மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தை ஒலி கேட்டுத் திரும்புவதால் ஐயம் எழாமலே போகலாம். மிதமான இழப்பு முதல் முழுச் செவிடு வரை இதன் அளவு வேறுபடும். பிறக்கும்போது ஓரளவு இருந்த கேள்வித்திறன் பின்னர்ப் படிப்படியாகக் குறைவதும் உண்டு. வைரசு குழந்தையின் உடலில் பல மாதங்கள் தங்கியிருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே பிறந்தவுடன் செய்த கேள்விச் சோதனையில் தேறிய குழந்தையையும், தாய்க்குக் கருக்காலத்தில் தொற்று இருந்தது தெரிந்தால், தொடர்ந்து சோதித்து வர வேண்டும்.

செவித்திறன் குறைந்த குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே மழலை ஒலிகளை எழுப்பும். தன் ஒலியைத் தானே கேளாததால் அது பின்னர் மங்குகிறது. "தாத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்", "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்னும் ஆறுதல் மொழிகளால் இக்கட்டத்தில் ஓராண்டோ இரண்டாண்டோ கழிந்துவிடுவதுண்டு. மூளை மொழியைக் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்ற காலம் அதுவே என்பதால் இவ்விழப்பு பெரிது.

கண்டறியப்பட்ட வரலாறு

1941க்கு முன் ருபெல்லா பொருட்படுத்தத்தக்க நோயாகக் கருதப்படவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் மக்கலிஸ்டர் கிரெக், அவ்வாண்டில் பிறவிக் கண்புரையுடன் குழந்தைகள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் தம்மிடம் கொண்டுவரப்படுவதைக் கண்டார். 1940இல் அந்நாட்டில் ருபெல்லா பெருமளவில் பரவியிருந்தது. தாய்மார் இருவர் தங்கள் கருக்கால நோயைப் பற்றித் தமக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டதே அவருக்குத் துப்பாக அமைந்தது என்பர். மற்ற மருத்துவர்களின் நோயாளிகளையும் சேர்த்து 78 குழந்தைகளின் விவரத்தை அவர் திரட்டினார். அவர்களுள் 68 பேரின் தாய்மாருக்குக் கருக்காலத்தில் ருபெல்லா வந்திருந்தது. தாய்க்கு வரும் ஒரு வைரசு நோய் கருவின் உறுப்புகளைக் குறைப்படுத்தும் என்பது அக்காலத்தில் புதிய கருத்து. 1944இல் இலண்டனின் "லான்செட்" இதழ் இம்முடிவை ஐயத்துடனேயே நோக்கியது.

கிரெக் கண் மருத்துவர் ஆதலால் அவர் முதலில் கண்டது கண்ணையும் இதயத்தையும் மட்டுமே. அதே குழந்தைகள் வளர்ந்து பேசாதிருந்தபோதுதான் செவியும் கெட்டிருந்தது தெரிய வந்தது. அடிலெய்டு நகரின் சார்லசு சுவான் முதலியோர் 1943 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தின. 1951இல் புள்ளியியலாளர் ஆலிவர் லங்காஸ்டர், ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் செவித்திறன் குறைந்தோர் பள்ளிகளின் பதிவேடுகளிலும் உள்ள பிறந்த ஆண்டுகளை ஆராய்ந்தார். ருபெல்லா பரவிய ஆண்டுகளை ஒட்டிப் பிறந்தோரிடையே செவிடு குவிந்திருப்பதை அவர் காட்டினார். அதுகாறும் பரம்பரை என்றும் காரணமறியாதது என்றும் எழுதப்பட்டிருந்த செவிடு, ஒரு கொள்ளைநோயின் தடமாகப் படிக்கப்பட்டது.

1962இல் அமெரிக்காவில் இரு குழுக்கள் தனித்தனியே வைரசைப் பிரித்தெடுத்தன. 1964–65இல் அந்நாட்டில் ஏற்பட்ட பெரும்பரவலில் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 20,000 குழந்தைகள் இந்நோய்த்தொகையுடன் பிறந்தனர். அத்தலைமுறையால் செவித்திறன் குறைந்தோர் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. 1988இல் வாசிங்டனில் உள்ள கலோடெட் பல்கலைக்கழகத்தில் செவித்திறன் குறைந்த ஒருவரே தலைவராக வேண்டும் என மாணவர்கள் போராடி வென்றபோது, அங்குப் பயின்றோரில் அத்தலைமுறையினர் பலர்.

தடுப்பூசி

முதல் தடுப்பூசிகள் 1969இல் உரிமம் பெற்றன. இப்போது உலகின் பெரும்பகுதியில் பயன்படுவது, பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஸ்டான்லி பிளாட்கின் உருவாக்கிய ஆர்.ஏ. 27/3 என்னும் வலுக்குறைக்கப்பட்ட உயிர் வைரசு வகை. இந்தியாவில் இது தட்டம்மைத் தடுப்பூசியுடன் சேர்த்து வழங்கப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கு இதனைச் செலுத்துவதில்லை. ஊசி போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது நலம். எனினும் கருவுற்றதை அறியாமல் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் பின்தொடரப்பட்டும், தடுப்பூசியால் இந்நோய்த்தொகை உண்டானதாகக் கண்டறியப்படவில்லை. ஆகவே அதன்பொருட்டுக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை.

இத்தடுப்பூசியை அரைகுறையாகப் பயன்படுத்துவது தீங்காகவும் முடியலாம். குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஊசி போட்டால் நோய்ப்பரவல் மெதுவாகும், ஆனால் நிற்காது. ஊசி போடாத சிறுமியர் சிறு வயதில் இயற்கையாக நோயுற்று எதிர்ப்பாற்றல் பெறும் வாய்ப்பை இழந்து, கருவுறும் வயதில் முதன்முதலாகத் தொற்றுக்கு ஆளாவர். கிரேக்க நாட்டில் 1975 முதல் போதிய பரப்பின்றித் தடுப்பூசி வழங்கப்பட்டு வந்தது. 1993இல் அங்கு ஏற்பட்ட பரவலை அடுத்து 25 குழந்தைகள் இந்நோய்த்தொகையுடன் பிறந்தனர். இதனாலேயே, குழந்தைகளில் குறைந்தது 80 விழுக்காட்டினரை எட்ட முடியும் என்னும் நிலை வந்த பின்னரே திட்டத்தைத் தொடங்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு நெடுங்காலம் அறிவுறுத்தி வந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இந்நோய்த்தொகையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களும் கண் மருத்துவர்களே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மைக்கேல் எக்ஸ்டைன், பி. விஜயலட்சுமி முதலியோர் கண்புரையுள்ள 514 குழந்தைகளை ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். காயத்தால் வராத கண்புரைகளில் 15 விழுக்காடு பிறவி ருபெல்லாவால் உண்டானவை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 25 விழுக்காடு. பாதிக்கப்பட்ட குழந்தைகள் மூக்கு, தொண்டை நீரிலும் சிறுநீரிலும் ஓராண்டு வரை வைரசை வெளியேற்றக் கூடும். இதனால் அம்மருத்துவமனையின் பணியாளர்களுக்கு எதிர்ப்பாற்றல் சோதிக்கப்பட்டு, அது இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது.

கண்ணில் வெண்மை தெரிந்தால் பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவர். காதில் அவ்வாறு தெரிவது ஒன்றுமில்லை. மதுரை ஆய்வு எண்ணியது கண்வழி வந்தவர்களை மட்டுமே. செவி மட்டும் இழந்தவர்கள் எந்தக் கண் மருத்துவமனையின் கணக்கிலும் வருவதில்லை.

2016இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்நோய்த்தொகைக்கான கண்காணிப்பைச் சில மருத்துவமனைகளில் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அவற்றுள் ஒன்று. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் பணியை ஒருங்கிணைத்தது. 2016–17இல் ஐயத்திற்குரிய 207 குழந்தைகளில் 72 பேருக்கு நோய் ஆய்வகத்தில் உறுதியாயிற்று. அதே காலத்தில் 1,800 கருவுற்ற பெண்களிடம் செய்த குருதி ஆய்வில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். எஞ்சியோர், அதாவது ஆறில் ஒருவர், தொற்றுக்கு இடம் தரும் நிலையில் இருந்தனர்.

2017 பெப்ரவரியில் நாடு தழுவிய தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கத்தின் முதற்கட்டம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றில் தொடங்கியது. 9 மாதம் நிறைந்தவர் முதல் 15 வயதுக்குட்பட்டோர் வரை, முன்னர் ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தவணை போடப்பட்டது. தமிழ்நாட்டில் இலக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கோடிக் குழந்தைகள். பள்ளிகளிலேயே ஊசி போட ஏற்பாடாயிற்று. ஆனால் வாட்சப்பில் பரவிய வதந்திகளால், சென்னையிலும் அதன் புறநகர்களிலும் உட்பட, பெற்றோர் பலர் இசைவு தர மறுத்தனர். இயக்கம் மார்ச்சு மாதத்திற்கும் நீட்டிக்கப்பட வேண்டியதாயிற்று. அதன்பின் வழக்கமான அட்டவணையில் 9–12 மாதத்தில் ஒன்றும் 16–24 மாதத்தில் ஒன்றுமாக இரு தவணைகள் இடம்பெற்றன.

வயது வரம்பிற்கு ஒரு விளைவு உண்டு. 2002 பெப்ரவரிக்கு முன் பிறந்த பெண்கள் இவ்வியக்கத்தில் அடங்கவில்லை. தனியார் மருத்துவர்களிடம் எம்.எம்.ஆர். ஊசி போட்டவர்கள் நீங்கலாக, அவர்களின் காப்பு சிறுவயதில் வந்துபோன நோயே. அவர்களுள் பலர் இன்னும் கருவுறும் வயதில் உள்ளனர். தாம்பரத்தில் 1984 முதல் இயங்கும் சென்னை ஏற்றுமதி வளாகத்தை ஒட்டிய பகுதிகளிலும், பெருங்களத்தூர், வண்டலூர் முதலிய இடங்களிலும் வேலைக்காகப் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய இளம் பெண்களைப் பொறுத்தவரை, யாருக்கு எந்த ஊசி போடப்பட்டது என்னும் பதிவு உள்ளூர் சுகாதார நிலையத்தில் இருக்க வாய்ப்பில்லை. திருமணத்திற்கு முன்னரோ, முதல் மகப்பேற்றுக்குப் பின் வீடு திரும்பும் முன்னரோ ஒரு தவணை போட்டுக்கொள்வது எளிய வழி.

நோயறிதல்

குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களில் ருபெல்லாவுக்கு எதிரான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் ஏறத்தாழ அனைத்துப் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடமும் காணப்படும். பின்னர்க் குறைந்து ஓராண்டில் பெரும்பாலும் மறைந்துவிடும். தொண்டை நீர், சிறுநீர், கண்புரை அறுவையில் எடுக்கப்படும் வில்லை ஆகியவற்றில் வைரசின் மரபுப்பொருளைத் தேடுவதும் உண்டு. 9 மாதத்தில் தடுப்பூசி போட்ட பின் எல்லாக் குழந்தைகளிடமும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் தோன்றுவதால், அதற்குப் பிறகு காரணத்தை உறுதி செய்வது கடினம். இரண்டு வயதில் செவிடு என அறியப்படும் குழந்தைக்கு "காரணம் தெரியவில்லை" என எழுதப்படுவது இதனாலேயே.

கருச்சிதைவுக்குப் பின் "டார்ச்" என்னும் கூட்டுச் சோதனை பல இடங்களில் செய்யப்படுகிறது. அதில் ருபெல்லா ஐ.ஜி.ஜி. உள்ளது என வருவதைக் கண்டு குடும்பங்கள் அஞ்சுவதுண்டு. அது முன்னர்ப் பெற்ற எதிர்ப்பாற்றலைக் குறிக்கும் நற்செய்தியே. ஐ.ஜி.எம். மட்டும் தனியே உள்ளதாக வருவதும் சில வேளைகளில் பொய்யான முடிவாக இருக்கலாம். மறு சோதனையின்றி முடிவெடுத்தல் கூடாது.

கேள்வித்திறனை அறிய, உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்து உட்காதின் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. சோதனையும், தலையில் மின்வாய்களை ஒட்டிச் செவி நரம்பின் வினையை அளக்கும் பெரா சோதனையும் உள்ளன. இரண்டிலும் வலியில்லை. ஒரு மாதத்திற்குள் முதற் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் பயிற்சித் தொடக்கம் என்பது பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட அளவு.

மருத்துவமும் மறுவாழ்வும்

வைரசை அழிக்கும் மருந்து இல்லை. கண்புரையும் இதயக் குறைபாடும் அறுவை மருத்துவத்தால் சரிசெய்யப்படுகின்றன. கேள்விக்கு, இழப்பின் அளவைப் பொறுத்துக் காது கேட்கும் கருவியோ உட்செவிச் சுருள் பதியமோ பொருத்தப்படும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இப்பதியம் செய்யப்படுகிறது. கருவி பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடும் என எதிர்பார்த்தல் தவறு. அது கேட்பதை மொழியாகப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அதன் பெரும்பகுதி வீட்டில் தாயும் தந்தையும் ஓயாது பேசுவதே. பதியம் பயன்தராத குழந்தைகளுக்குச் சைகை மொழி முழுமையான மொழியாகவே அமையும்.

பெருங்களத்தூர் 2017இல் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரு பேரூராட்சியாக இருந்தது. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2021இல் ஊர் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. இப்பகுதிக் குழந்தைகள் செல்லக்கூடிய பெரிய அரசு மருத்துவமனைகளுள் ஒன்று செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. மறு திசையில் புறநகர் இரயிலில் எழும்பூர் சென்றால் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், 1819இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனையும் உள்ளன. கண்ணும் காதும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் பயிற்சி தருகிறது. இரு புலன்களும் குறைந்த குழந்தைக்குக் கேட்போருக்கான பள்ளியும் பொருந்தாது, காண்போருக்கான பள்ளியும் பொருந்தாது என்பதால் இத்தகைய நிறுவனம் இன்றியமையாதது.

இப்பாதிப்புடன் பிறந்தோருக்கு வளர்ந்த பின் நீரிழிவு, தைராய்டுக் கோளாறு ஆகியவை வரும் வாய்ப்பு மற்றவரினும் மிகுதி.

பிற நாடுகளில்

2010இல் உலகில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் இந்நோய்த்தொகையுடன் பிறந்ததாக மதிப்பிடப்பட்டது. அமெரிக்கக் கண்டங்கள் 2015இல் ருபெல்லா உள்ளூர்ப் பரவலற்றவையாக அறிவிக்கப்பட்டன. கிரெக்கின் ஆஸ்திரேலியா 2018இல் அந்நிலையை எய்தியது. இலங்கை 1996இல் கருவுறும் வயதுப் பெண்களுக்கு ருபெல்லா தடுப்பூசியைத் தொடங்கி, 2001இல் குழந்தைகளுக்கும் விரிவாக்கியது. 2020இல் மாலத்தீவுடன் சேர்ந்து தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் தட்டம்மை, ருபெல்லா இரண்டையும் ஒழித்த முதல் நாடுகளாக அறிவிக்கப்பட்டது. நேபாளம் 2025இல் ருபெல்லாவை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது. இந்தியா 2023ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டிருந்தது. பின்னர் அவ்விலக்கு 2026க்குத் தள்ளி வைக்கப்பட்டது.